ஆராய்ச்சி முடிபுகள் பெரும்பாலும் பொய்யோ?

அறிவுநூலார் செய்யும் ஆராய்ச்சிகள் இக்காலத்து மக்கள் வாழ்க்கையின் எல்லாத் துறைகளினும் புகுந்து ஆட்சி செலுத்துகின்றன. உண்ணும் உணவு, கொள்ளும் மருந்து, குழந்தைகட்குக் கற்பிக்கும் முறை, அரசாங்கத்தார் விதிக்கும் வரி ஆகிய யாவும் ‘ஆராய்ச்சியாற் கண்ட முடிபு’ என்னும் முத்திரை பெற்றே வழங்குகின்றன. இங்ஙனம் உயர்ந்த இடத்து வைக்கப்பெற்ற ஒன்றன்பால் ஐயம் நிகழுமாயின், அவ்வையம் கற்றோர் அவையளவில் நில்லாது; நோயாளியின் படுக்கை வரையிலும் ஏழையின் உலைப்பானை வரையிலும் சென்று தாக்கும். ஆதலின், அவ்வையத்தைப் பெரிதும் தோற்றுவித்த கட்டுரையொன்றைச் செவ்விதின் ஆராய்ந்து, அதன்கட் கொள்ளற்பாலது இது, தள்ளற்பாலது இது எனத் துணிதல் இன்றியமையாததாகின்றது.

கட்டுரையின் கருத்து

2005-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ‘பிளாஸ் மெடிசின்’ என்னும் மருத்துவ வெளியீட்டில், வெளியிடப்பட்ட ஆராய்ச்சி முடிபுகளுட் பெரும்பாலன பொய்யாவது ஏன் என்னும் பொருள்பட்ட தலைப்புடன் கட்டுரையொன்று வெளிவந்தது. அதன் ஆசிரியர் ஜான் அயோனிடிஸ் என்பார். அவர் அக்காலத்துக் கிரேக்க நாட்டு இயோனினாப் பல்கலைக்கழகத்து ஆசிரியராயிருந்து, பின்னர் அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர். மருத்துவ நூலாரை நோக்கி எழுதப்பட்டதாயினும், அக்கட்டுரை உளநூல், பொருளாதார நூல், உயிர்நூல் ஆகிய பல துறையினராலும் எடுத்தாளப்பட்டு, அறிவுலகில் ஒரு பெருங் கலக்கத்தை விளைத்தது.

ஆசிரியரின் வாதம் கணிதத்தைப் பற்றி நிற்பது. எனினும் அதன் உள்ளுறை எளிதின் உணரத்தக்கது. ஒரு மருந்துக்கும் நோய் நீக்கத்துக்கும் தொடர்புண்டோ என ஆராய்வார், தாம் கண்ட வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருத்தல் கூடுமோ என்பதைக் கணக்கிடுவர். தொடர்பு உண்மையில் இல்லையாயினும் அத்துணை வேறுபாடோ அதனினும் மிக்க வேறுபாடோ தோன்றுதற்கு நூற்றுக்கு ஐந்தினும் குறைந்த வாய்ப்பே உண்டெனக் கணக்குக் காட்டுமாயின், தொடர்பு உண்டு எனத் துணிந்து வெளியிடுவர். இவ்வைந்து என்னும் எல்லை, ஆங்கிலப் புள்ளியியல் அறிஞர் ரொனால்டு பிஷர் 1925-இல் வெளியிட்ட நூலால் வழக்கிற்கு வந்து, பின்னர் பற்பல துறைகட்கும் விதியே போல் ஆகிவிட்டது.

இதனைக் கண்டார் பலர், இம்முறையாற் பெற்ற முடிபுகளுள் நூற்றுக்கு ஐந்தே பொய்யாகும், ஏனைய தொண்ணூற்றைந்தும் மெய்யேயாம் எனக் கருதிவிடுகின்றனர். அது பெரும் பிழை என்பதே அயோனிடிஸ் காட்டும் முதற் கருத்து. அவர் கருத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆராயப்படும் கருதுகோள்கள் ஆயிரம் எனவும், அவற்றுள் மெய்யானவை நூறே எனவும் கொள்க. மெய்யான நூற்றுள் எண்பதைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் சோதனைகட்கு உண்டெனின், எண்பது மெய்ம்முடிபுகள் கிடைக்கும். பொய்யான தொள்ளாயிரத்துள் நூற்றுக்கு ஐந்து வீதம் நாற்பத்தைந்து தற்செயலால் மெய்போலத் தோன்றும். ஆகவே வெளியிடப்படும் நூற்றிருபத்தைந்து முடிபுகளுள் நாற்பத்தைந்து பொய். அஃதாவது நூற்றுக்கு முப்பத்தாறு. இனி, சோதனைகள் சிறியனவாய், மெய்யான நூற்றுள் இருபதையே காணும் வலியுடையன எனின், அறுபத்தைந்து முடிபுகளுள் நாற்பத்தைந்து பொய்யாம். அது நூற்றுக்கு அறுபத்தொன்பதாகும். கருதுகோள்களுட் பாதி மெய்யாய், சோதனையும் வலியுடையதாயின், பொய் நூற்றுக்கு ஆறளவே நிற்கும். எனவே, ஒரு முடிபின் வன்மை மென்மைகள் அச்சோதனை ஒன்றனையே பற்றியன அல்ல. அச்சோதனைக்கு முன்னரே அக்கருதுகோள் எத்துணை இயைபுடையதாயிருந்தது என்பதையும் பற்றியனவாம்.

இதன்மேல், ஆராய்வாரது ஒருதலைச் சார்பையும் கணக்கிற் சேர்த்து, பொய்ம்முடிபு பெருகும் இடங்கள் ஆறனை அவர் வகுத்துரைக்கின்றார். ஆராயப்பட்டோர் தொகை சிறிதாதல். காணப்படும் பயன் சிறிதாதல். வரையறையின்றிப் பலவற்றை ஆராய்தல். முறையையும் அளவையையும் வேண்டியவாறு மாற்றிக்கொள்ள இடமிருத்தல். பொருளாசை முதலிய பற்றுக்கள் கலத்தல். பலரும் ஒரு துறையில் ஒருவரை ஒருவர் முந்த விரைதல் என்பன அவை. இவ்வாறும் பிற்காலத்தாரால் பெரிதும் மறுக்கப்படாமல் நிற்பன என்க.

அளவை நூல் நோக்கு

இக்கட்டுரை கூறும் குற்றங்கள் மேனாட்டார்க்குப் புதியனவாகத் தோன்றினும், தருக்க நூல் பயின்றார்க்குப் பெயரளவிலேனும் பழையனவே. ‘மலை தீயுடைத்து, புகையுடைமையால், அட்டிற்சாலை போல’ என அனுமானஞ் செய்வான், புகையுள்ள இடமெல்லாம் தீயுண்டு என்னும் நியதியை முன்னர்த் துணிந்திருத்தல் வேண்டும். தீயில்லாத நீர்நிலை முதலிய விபக்கத்தின்கண் புகை இல்லை என்பதும் அவனாற் காட்டப்படல் வேண்டும். ஏது விபக்கத்தும் செல்லுமாயின் அது வியபிசாரம், அஃதாவது பிறழ்ச்சி, எனப்படும், அவ்வேது போலியாம்.

இவ்வளவு கோலை இக்கால ஆராய்ச்சியின்மேல் வைத்து நோக்குக. மருந்துண்டு நோய் நீங்கினார் சபக்கத்து அடங்குவர். மருந்துண்டும் நீங்காதார் பிறழ்ச்சி காட்டுவார். ஒரு மருந்தைப் பற்றிய பத்துச் சோதனைகளுள் பயன் கண்ட மூன்றனை வெளியிட்டு, காணாத ஏழனைப் பேழையுள் மூடிவைப்பாராயின், அவர் செய்வது அட்டிற்சாலைகளை மட்டுங் காட்டி நீர்நிலைகளை மறைத்தலேயாம். காட்டப்பட்ட மூன்றும் தத்தம் அளவில் மெய்யாக நடந்தனவே. அவற்றைச் செய்தார் பொய்யுரைத்தாரும் அல்லர். ஆயினும் அவற்றினின்றும் பெற்ற அனுமானம் பொய்யாதல் திண்ணம். தனிப்பட்ட பொய்யன் ஒருவனும் இல்லாதவிடத்தும் பொய் பிறக்கும் என்பதே இக்கட்டுரையால் அறியப்படும் நுட்பம்; அதன் சிறப்பும் அதுவே.

இனி, உபாதி என்பதொரு குற்றமும் உண்டு. ‘தீயுண்மையால் இவ்விடம் புகையுடைத்து’ என்று ஒருவன் கூறின், பழுக்கக் காய்ச்சிய இரும்பின்கண் தீயுண்டாயினும் புகையில்லை என்று காட்டி மறுக்கப்படும். புகைக்குக் காரணம் தீ மட்டும் அன்று. ஈரவிறகின் சேர்க்கையும் வேண்டும். அவ்வீரவிறகே ஈண்டு உபாதி. இதற்கு மருத்துவ ஆராய்ச்சியினின்றும் ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். அமெரிக்க நாட்டுச் செவிலியர் பல்லாயிரவரை 1976 முதல் தொடர்ந்து நோக்கிய ஓர் ஆராய்ச்சி, மாதவிடாய் நின்றபின் பெண்மைச் சுரப்பு மருந்து உட்கொண்டார்க்கு இருதய நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று காட்டிற்று. அதனை நம்பி எண்ணிறந்த பெண்டிர்க்கு அம்மருந்து வழங்கப்பட்டது. பின்னர், 16,608 பெண்டிரைத் திருவுளச் சீட்டுப் போலத் தற்செயலாக இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மருந்தும் மற்றைப் பிரிவினர்க்கு வெறு மாத்திரையும் கொடுத்துச் செய்த பெருஞ்சோதனை 2002-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மருந்துண்டார்க்கு இருதய நோய் குறையாததோடு, மற்றையாரினும் நூற்றுக்கு இருபத்தொன்பது மிகுந்தும் காணப்பட்டமையும், மார்பகப் புற்றுநோய் மிகுந்தமையும் அச்சோதனையால் வெளிப்பட்டன. மருந்தைத் தாமே விரும்பி வாங்கியுண்ட பெண்டிர் பெரும்பாலும் கல்வியும் செல்வமும் உடையர்; உடல்நலம் பேணும் ஒழுக்கமும் உடையர். அவ்வொழுக்கமே ஈரவிறகாய் நின்றது. மருந்தின்மேல் ஏற்றப்பட்ட பெருமை அதனுடையதே. மருந்தைத் தொடங்கும் வயதும் இதன்கண் வேற்றுமை செய்யும் எனப் பின்வந்தார் காட்டினர். எனினும், முன்னர்க் கூறிய பாதுகாப்பு எல்லார்க்கும் உரித்தென்னும் நம்பிக்கை நிலைபெறவில்லை.

பின்வந்த சோதனைகள்

அயோனிடிஸ் கட்டுரை கணித வாதமேயன்றி எண்ணிக் கண்டதன்று. ஆதலின், அவர் கூறியது உலகின்கண் அவ்வாறே நிகழ்கின்றதா என்பதைப் பிறர் எண்ணிக் காணத் தொடங்கினர். அவரும் அதே 2005-ஆம் ஆண்டில், ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை எடுத்தாளப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிகளைப் பற்றி எழுதிய பிறிதொரு கட்டுரையில், பயன் உண்டெனக் கூறிய நாற்பத்தைந்தனுள் ஏழு பின்னர் மறுக்கப்பட்டன, ஏழு பயனை மிகைப்படக் கூறியனவாகக் காணப்பட்டன, இருபது மீண்டும் மெய்ப்பட்டன, பதினொன்று பெரும்பாலும் சோதிக்கப்படாமலே நின்றன எனக் கணக்குக் காட்டியிருந்தார்.

உளநூல் துறையில் 2008-ஆம் ஆண்டு மூன்று சிறந்த வெளியீடுகளில் வந்த ஆராய்ச்சிகளுள் நூறனை அறிஞர் பலர் கூடி மீண்டும் செய்து, 2015-இல் முடிபை வெளியிட்டனர். முதலில் அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பொருளுடைய முடிபு காட்டியிருந்தன. மீட்டுச் செய்தபோது முப்பத்தாறே காட்டின. கண்ட பயனின் அளவும் சராசரி பாதியாகச் சுருங்கிற்று. பொருளாதார நூலிற் பதினெட்டுச் சோதனைகளை மீட்டுச் செய்தார் 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி பதினொன்று மெய்ப்பட்டன. புற்றுநோய் உயிர்நூலில் 193 சோதனைகளை மீட்டுச் செய்யக் கருதினார், மூலக்கட்டுரைகளில் செய்முறை முற்றக் கூறப்படாமையானும் பிற இடையூறுகளானும் ஐம்பதையே முடித்து 2021-இல் வெளியிட்டனர். ஆண்டுப் பயனின் அளவு முதலிற் கூறியதனினும் நூற்றுக்கு எண்பத்தைந்து குறைந்து காணப்பட்டது.

ஆராய்வார்க்குள்ள மட்டற்ற உரிமை எத்துணைக் கேடு செய்யும் என்பதை 2011-இல் அமெரிக்க உளநூலார் மூவர், சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் என்பார், ஒரு வேடிக்கைச் சோதனையால் விளக்கினர். குறித்ததொரு பாட்டைக் கேட்டார்க்கு வயது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டது என்னும் முடிபை, வழக்கத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு முறைகளைக் கொண்டே அவர்கள் ‘நிறுவி’க் காட்டினர். வேண்டிய முடிபு வரும்வரை ஆட்களைச் சேர்த்தல், வேண்டாத அளவைகளை விடுத்தல் முதலிய நான்கு உரிமைகளை ஒருங்கு கையாண்டால், நூற்றுக்கு ஐந்தாக இருக்கவேண்டிய பொய் அறுபதுக்கு மேல் ஏறும் என்பதும் அவராற் கணக்கிடப்பட்டது.

சமூக நூலில் நேர்ந்த பிழை நாடுகளையே தொடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு வருமாறு. ரெய்ன்ஹார்ட், ரோகாப் என்னும் பொருளாதார நூலார் இருவர் 2010-இல், ஓர் அரசின் கடன் நாட்டு வருவாயில் நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேற்படின் வளர்ச்சி சராசரி பூச்சியத்தினும் 0.1 கீழிறங்கும் எனக் கணக்குக் காட்டினர். செலவைச் சுருக்கல் வேண்டுமென வாதித்த அரசியலார் பலர் அதனை மேற்கோளாகக் கொண்டனர். 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் என்பார், ஆசிரியர் இருவருடன் கூடி, மூலக் கணக்குத் தாளையே பெற்று ஆராய்ந்தார். ஐந்து நாடுகள் கூட்டலில் தவறுதலாக விடுபட்டமையும், சில ஆண்டுகளின் எண்கள் சேர்க்கப்படாமையும், பத்தொன்பது ஆண்டுகட்குரிய பிரிட்டனின் கணக்கும் ஓராண்டுக்கேயுரிய நியூசிலாந்தின் கணக்கும் ஒத்த எடையாக வைக்கப்பட்டமையும் வெளிப்பட்டன. இவற்றைத் திருத்திய பின்னர் அவ்வளர்ச்சி 2.2 எனக் கண்டார். மூல ஆசிரியர் கூட்டற் பிழையை ஒப்புக்கொண்டு, ஏனையவற்றை மறுத்தனர். மாணவர் ஒருவர் கணக்குத் தாளைத் திறந்து பார்த்தமையால் மூன்றாண்டு வழங்கிய முடிபொன்று தளர்ந்தது. அத்தாள் கொடுக்கப்படாதிருந்தால் அப்பிழை இன்னும் முடிபாகவே வழங்கியிருத்தல் கூடும்.

தடைகளும் விடைகளும்

இத்துணையும் நோக்கியார், கட்டுரைத் தலைப்புக் கூறுவது மெய்யே எனத் துணிய விரைவர். ஈண்டே நின்று ஆராய்தல் வேண்டும்.

முதலாவது: ‘வெளியிட்ட முடிபுகள் பெரும்பாலும் பொய்’ என்பதும் வெளியிட்டதொரு முடிபன்றோ? அதுவும் பொய்யாகற்பாலதன்றோ எனச் சிலர் கடாவுவர். இத்தடை வலியுடையதன்று. எல்லா உரையும் பொய் என்றானுக்கே தன் உரை தன்னை அழிக்கும். பெரும்பாலும் என்றானுக்கு அக்குற்றமில்லை. அன்றியும், அவர் உரை கணித வாதமாதலின், அதனை அதன் மேற்கோள்களை ஆராய்ந்து மறுத்தலே முறை. சொற்புரட்டால் மறுத்தல் முறையன்று.

இரண்டாவது: அம்மேற்கோள்கள் தாம் நிறுவப்பட்டனவா என்னும் தடை வலிமிக்கது. ஸ்டீவன் குட்மன், சாண்டர் கிரீன்லாந்து என்னும் புள்ளியியல் அறிஞர் இருவர் 2007-இல் இதனை எடுத்துக்காட்டினர். ஒருதலைச் சார்பு இத்துணைப் பங்கென அயோனிடிஸ் கொண்ட எண்கள் எண்ணிக் கண்டவையல்ல, கொள்ளப்பட்டவை. பெருஞ்சார்பை முதலிற் புகுத்திவிட்டால், ஈற்றிற் பெரும்பொய் வெளிவருதல் இயல்பே. வைத்ததையே எடுத்தல் நிறுவுதலாகாது. மேலும், ஐந்தென்னும் எல்லையை அணித்தாகக் கடந்த முடிபையும், அதனை வெகுதூரம் கடந்த முடிபையும் ஒரே நிலையில் வைத்து எண்ணியதும் அவ்வாதத்தின் குறையாம். எனினும் இவ்விருவரும் அயோனிடிஸ் கூறிய எச்சரிக்கைகளை மறுத்தாரல்லர். ‘பெரும்பாலும்’ என்னும் சொல்லுக்கே சான்று கேட்டனர்.

2014-இல் ஜேகர், லீக் என்பார் பெரிய மருத்துவ வெளியீடுகள் ஐந்தனுள் வந்த எண்களைத் தொகுத்து, பொய்ம்முடிபு நூற்றுக்குப் பதினான்களவே எனக் கணக்கிட்டனர். கட்டுரைச் சுருக்கங்களிற் காட்டிய எண்களையே கொண்டு கணக்கிட்டமையால் அதுவும் மறுக்கப்பட்டது. ஆகவே, பெரும்பாலும் பொய் என்பதும், சிறுபாலே பொய் என்பதும் கொண்ட மேற்கோளுக்கேற்ப மாறுவனவேயன்றி, முற்றத் துணியப்பட்டன அல்ல என அறிக.

மூன்றாவது: கட்டுரைத் தலைப்பும் கட்டுரை உடலும் தம்முள் மாறுபடுகின்றன. அயோனிடிஸ் தாமே வகுத்த அட்டவணையில், தக்க தொகையினரைக் கொண்டு, சார்பு குறைய, தற்செயற் பிரிவினையால் நடத்தப்பட்ட மருத்துவச் சோதனையின் முடிபு மெய்யாதற்கு நூற்றுக்கு எண்பத்தைந்து வாய்ப்புண்டெனக் காட்டுகின்றார். வரையறையின்றி ஆயிரக்கணக்கான தொடர்புகளைத் துழாவும் ஆராய்ச்சிக்கோ, ஆயிரத்துக்கு ஒன்றே என்கின்றார். எண்பத்தைந்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட இவ்வேறுபாடே கட்டுரையின் உயிர். அதனை மறைத்து, யாவற்றையும் ஒரே குவியலாக்கிப் ‘பெரும்பாலன பொய்’ என்று தலையிற் பொறித்தமை, நூலுக்குப் புகழ் தந்ததேனும் பயில்வார்க்குத் திரிபு தந்தது. தலைப்பு மட்டும் கற்றார் பலர். அட்டவணை கற்றார் சிலர்.

நான்காவது: பொய்ம்மை காட்ட வந்தார் சிலரும் தாம் கண்டிக்கும் குற்றத்தினின்றும் நீங்கினாரல்லர். 2012-இல் அம்ஜென் என்னும் மருந்து நிறுவனத்தைச் சார்ந்திருந்த பெக்லி என்பாரும் எல்லிஸ் என்பாரும், புற்றுநோய்த் துறையில் ஐம்பத்துமூன்று பெயர்பெற்ற ஆராய்ச்சிகளை மீட்டுச் செய்ய, ஆறே மெய்ப்பட்டன என எழுதினர். அவ்வெண் உலகெங்கும் பரவிற்று. ஆயினும் அவ்வைம்பத்துமூன்றும் யாவை என்பதை அக்கட்டுரை கூறவில்லை. மீட்டுச் செய்த சோதனைகளின் விவரமும் அதன்கண் இல்லை. பிறர் மீட்டுச் செய்ய இயலாமையைக் குற்றமெனக் கூறும் உரையே பிறர் மீட்டு ஆராய இயலாததாய் நின்றது.

இயற்கை நூலும் சமூக நூலும்

இயற்கை நூல்கள் உறுதியுடையன, சமூக நூல்கள் உறுதியற்றன என்பதொரு பொதுக் கருத்து உலகில் உண்டு. மேற்காட்டிய கணக்குகள் அதனை முற்றிலும் தாங்கவில்லை. பொருளாதாரச் சோதனைகள் பதினெட்டனுட் பதினொன்று நிற்க, ஆய்வுக்கூடத்துச் செய்த புற்றுநோய்ச் சோதனைகளின் பயன் ஏறத்தாழ ஏழிலொரு பங்காகத் தேய்ந்தது. ஆதலின், உறுதியைத் தருவது ஆராயப்படும் பொருளின் சாதியன்று; ஆராயும் ஒழுக்கமே எனல் பொருந்தும்.

பௌதிக நூலும் பிழைபட்டதுண்டு. 2011 செப்டம்பரில், ஜெனீவா நகரின் அணித்தாயுள்ள செர்ன் நிலையத்தினின்றும் இத்தாலி நாட்டுக் கிரான் சாசோ நிலவறைக்கு ஏறத்தாழ 730 கிலோமீட்டர் சென்ற நியூட்ரினோ என்னும் நுண்டுகள்கள், ஒளியினும் 60 நானோவினாடி முந்தி வந்தன என்று ஓபரா என்னும் குழுவினர் தெரிவித்தனர். அம்முடிபு ஐந்தென்னும் எல்லையினும் பன்மடங்கு கடிய கணக்கையும் கடந்து நின்றது. ஆயினும் அவர், ‘கண்டோம்’ என முழங்காது, தம் அளவையிற் பிழையுண்டோ என ஆராயுமாறு பிறரை வேண்டினர். 2012-இல் கண்ணாடியிழைக் கம்பி ஒன்று செவ்வனே பொருத்தப்படாமையே முதற் காரணம் எனக் கண்டு தாமே திருத்தினர். அதே நிலவறையிலிருந்த பிறிதொரு குழுவும் அந்நுண்டுகள்கள் ஒளியை விஞ்சவில்லை என அளந்து காட்டிற்று. தற்செயலைக் கணக்கிடும் எண் எத்துணைக் கடியதாயினும், கருவியின் கோணலை அது காட்டாது என்பதும் இதனாற் பெறப்படும்.

சமூக நூலார்க்கு இடர்ப்பாடு மிகுதி என்பதும் உண்மையே. மக்கள் நாட்டுக்கு நாடும் காலத்துக்குக் காலமும் வேறுபடுவர்; அளக்கப்படுகின்றோம் என அறிந்தவழி ஒழுக்கமும் மாறும். பந்தாட்ட நடுவர் கருநிற ஆட்டக்காரர்க்கு மிகுதியாகச் சிவப்புச் சீட்டுக் காட்டுகின்றனரோ என்னும் ஒரே கேள்வியையும் ஒரே எண்தொகுதியையும் இருபத்தொன்பது குழுவினர்க்குக் கொடுத்தபோது, இருபது குழுவினர் பொருளுடைய தொடர்பு உண்டென்றும் ஒன்பது குழுவினர் அங்ஙனம் காணவில்லை என்றும் கூறியதாக 2018-இல் வெளியிடப்பட்டது. வஞ்சனையும் இன்றி, அறியாமையும் இன்றி, கணக்கிடும் வழியின் வேறுபாட்டாலேயே முடிபு வேறுபட்டமை இதனால் விளங்கும். ஒரு குழுவின் முடிபு மட்டும் வெளிவந்திருந்தால் அதுவே ஆராய்ச்சி முடிபென வழங்கியிருக்கும்.

ஐயத்தின் எல்லை

ஐயம் நன்றுமாம், தீதுமாம். ஆராய்தற்குத் தூண்டும் ஐயம் நன்று. ஆராய்ந்தவற்றையும் வீசியெறியத் தூண்டும் ஐயம் தீது. ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் என்பார் 1950-இல் புகைபிடித்தற்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் தொடர்புண்மையைக் காட்டினர். 1951 முதல் 34,439 ஆண் மருத்துவர்களைப் பிரிட்டனில் தொடர்ந்து நோக்கிய ஆராய்ச்சி ஐம்பதாண்டு நடந்து, 2004-இல் அதன் முடிபு வெளிவந்தது; புகைபிடித்தலை விடாதார் ஏறத்தாழப் பத்தாண்டு முன்னரே இறந்தமை அதனாற் காணப்பட்டது. இதற்கிடையே, 1954 ஜனவரியில் அமெரிக்கப் புகையிலை நிறுவனத்தார் நானூற்றுக்கு மேற்பட்ட செய்தித்தாள்களில் விளம்பரம் வெளியிட்டு, இம்முடிபுகள் துணியப்பட்டன அல்ல என்னும் எண்ணத்தைப் பரப்பினர். ஐயமே விற்கும் பொருளாயிற்று.

ஐந்தென்னும் எல்லையை வகுத்த பிஷரும் அக்காலத்து ஓர் உபாதியை எடுத்துக்கூறினார். புகைபிடிக்கும் விருப்பத்துக்கும் புற்றுநோய்க்கும் பிறவியில் அமைந்த கூறொன்று பொதுக் காரணமாகலாம் என்பது அவர் தடை. அத்தடை முறைப்படி எழுப்பப்பட்டது; முறைப்படி விடையும் பெற்றது. புகை மிகுந்தார்க்கு நோய் மிகுந்தமை, விட்டார்க்கு இடர் குறைந்தமை, பல நாட்டினும் பல முறையானும் அதுவே காணப்பட்டமை ஆகிய மூன்றும் அவ்வுபாதியை விலக்கின. இங்ஙனம் தடையைத் தாங்கி நின்ற முடிபையும், ஒரே சிறு சோதனையால் நேற்று வெளிவந்த முடிபையும் ‘ஆராய்ச்சி’ என்னும் ஒரு பெயரால் ஒப்பவைத்து ஐயுறுதல் அறிவன்று.

திருந்தும் வழிகளும் தோன்றியுள்ளன. சோதனை தொடங்குமுன்னரே நோக்கமும் அளவையும் பொதுப் பதிவேட்டில் எழுதிவைத்தல் அவற்றுள் தலையாயது. இந்திய நாட்டில் மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007-இல் தொடங்கப்பட்டு, 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. இதன் பயனை அமெரிக்க அரசுப் பொருளுதவியால் நடந்த பெரிய இருதய நோய்ச் சோதனைகளைப் பற்றிய கணக்கொன்று, 2015-இல் வெளிவந்தது, நன்கு காட்டுகின்றது. 2000-ஆம் ஆண்டுக்கு முன்னர் முப்பதனுட் பதினேழு, மருந்து முதலியவற்றால் பயனுண்டெனக் கூறின. முன்பதிவு வழக்கிற்கு வந்த பின்னர் இருபத்தைந்தனுள் இரண்டே கூறின. மருந்துகள் திடீரெனத் தீயவாயின என்பதற்கு இடமில்லை. பிற காரணங்களும் உடன் நின்றிருத்தல் கூடுமாயினும், வேண்டிய அளவையைப் பின்னர்த் தேர்ந்துகொள்ளும் வழி அடைபட்டமை தலையாய காரணம் எனக் கொள்ளல் தகும்.

இவ்வாற்றான், அயோனிடிஸ் கட்டுரையின்கட் கொள்ளற்பாலன: ஒரு சோதனையின் முடிபைத் தனியே நம்பலாகாது என்பதும், பொய் பெருகும் இடங்கள் ஆறும், தனி மனிதர் வஞ்சனையின்றியும் முறையின் கோணலாற் பொய் பிறக்கும் என்பதுமாம். தள்ளற்பாலது ‘பெரும்பாலும்’ என்னும் தலைப்புச் சொல்லே, அது நிறுவப்படவில்லை, கட்டுரையின் அட்டவணையோடும் மாறுபட்டது. எனவே ஒரு முடிபைக் கேட்டார், அது பொய்யோ மெய்யோ என விரைந்து துணியாது, எத்துணைப் பேரிடத்துச் செய்யப்பட்டது, முன்னரே பதியப்பட்டதா, மூலக் கணக்குத் திறந்து வைக்கப்பட்டதா, பிறர் மீட்டுச் செய்தனரா, விபக்கம் காட்டப்பட்டதா, உபாதி விலக்கப்பட்டதா என வினவுதலே முறையாகும். இவ்வினாக்கட்கு விடை பகரும் ஆராய்ச்சி யாண்டுப் பிறப்பினும் ஏற்கத்தக்கது. பகராதது எத்துணைப் பெரியார் வாய்ப் பிறப்பினும் அதுகாறும் ஐயத்தின்பாலதே என்பது முடிபு.